ஜப்பானில் ஹாலோவீன் பாடம், இங்கே பொங்கல் சர்ச்சை: பண்டிகை வகுப்பறைக்குள் வரலாமா?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 31. மலேசியாவில் அன்று தீபாவளிப் பொது விடுமுறை. உலகின் இன்னொரு பக்கத்தில் அதே நாள் ஹாலோவீன். ஒரு பக்கம் விளக்கு, முறுக்கு, எண்ணெய்க் குளியல். இன்னொரு பக்கம் பூசணிக்காய், எலும்புக்கூடு முகமூடி, மிட்டாய் வாளி. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருடைய கைப்பேசியில் அன்றைக்கு இரண்டு வாழ்த்துமே வந்து விழுந்திருக்கும்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு ஹாலோவீன் புதுசு இல்லை. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். அங்கே 2011 முதல் ஹாலோவீன் திகில் இரவுகள் நடக்கின்றன. இந்தப் பக்கம் இஸ்கந்தர் புத்ரியில் லெகோலேண்ட். அங்கேயும் அக்டோபர் மாதம் வந்தால் பூசணிக்காய் அலங்காரம்தான். கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் வாங்கிப் போகும்வரை அது அவரவர் விருப்பம். ஆனால் அதே பூசணிக்காய் ஒரு பள்ளியின் வகுப்பறைக்குள் வந்தால்? அப்போது கேள்வியே மாறிவிடுகிறது.

இந்தக் கேள்வியை ஜப்பான் ஒரு விதமாகக் கையாள்கிறது, மலேசியா வேறு விதமாகக் கையாள்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹாலோவீனைப் பற்றி மட்டுமல்ல, நம் பொங்கலைப் பற்றியும் ஒரு விஷயம் புரியும்.

ஹாலோவீன் ஜப்பானுக்கு எப்படிப் போனது?

ஹாலோவீனின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்களின் அறுவடை முடிவு விழாவில் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்பது நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1ஐ அனைத்துப் புனிதர்கள் நாளாக்கியது. அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் இதையும் கொண்டு போனார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு, அமெரிக்காவில் பூசணிக்காய் கிடைத்தது. அதுவே அடையாளமாகிப் போச்சு.

ஜப்பானில் பலர் இந்தப் பண்டிகையின் பெயரைக் கேள்விப்பட்டதே ஒரு துயரச் சம்பவத்தால்தான். 1992 அக்டோபரில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பரிமாற்ற மாணவராகத் தங்கியிருந்த 16 வயது ஜப்பானிய இளைஞர் ஒருவர் ஹாலோவீன் விருந்துக்குப் போனார். வீடு மாறிப்போனது. வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி, அசையாதே என்று பொருள்படும் 'ஃப்ரீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். இளைஞர் நிற்கவில்லை. சுடப்பட்டு இறந்தார். அந்த ஒரு சொல் அவருக்குப் புரிந்திருக்காது என்ற எண்ணம் ஜப்பானை உலுக்கியது. மறு ஆண்டு நடுவர் மன்றம் வீட்டுக்காரரை விடுவித்தது.

ஐந்தே ஆண்டில் நிலைமை மாறியது. 1997இல் தோக்கியோ டிஸ்னிலேண்ட் ஹாலோவீன் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதே ஆண்டு கவாசாகி நகரில் மாறுவேட ஊர்வலம் ஆரம்பமானது. கடைகளும் மிட்டாய் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. சமயம், இறந்தவர்கள், புனிதர்கள் எதுவும் கப்பலேறவில்லை. மாறுவேடமும் இனிப்பும் மட்டும்தான் வந்து இறங்கின.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

ஜப்பான் அரசு 1987இல் ஜெட் எனப்படும் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்து, பள்ளிகளில் மொழி உதவி ஆசிரியர்களாக அமர்த்தும் திட்டம். முதல் ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என 4 நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். இன்று தென்னாப்பிரிக்கா, ஜமைக்கா, ஏன், நம் பக்கத்து சிங்கப்பூரிலிருந்தும் போகிறார்கள். இவர்களைத் தவிர, தனியார் நிறுவனங்கள் வழியாகவும் நகராட்சிக் கல்வி வாரியங்கள் வழியாகவும் பலர் வேலைக்குச் சேர்கிறார்கள்.

2011 முதல் ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் 5, 6ஆம் வகுப்புகளுக்கு அந்நிய மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020இல் அது முறையான பாடமாகி, செயல்பாட்டு வகுப்பு 3ஆம் வகுப்புக்கே இறங்கியது. அதாவது, 8, 9 வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் அறிமுகமாகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு வெளிநாட்டு ஆசிரியர் நிற்கிறார்.

அந்த ஆசிரியரின் வேலை இலக்கணம் மட்டும் இல்லை. 'உங்க நாட்டைப் பற்றிச் சொல்லுங்க' என்பதும் வேலையின் ஒரு பகுதி. அடிமட்ட மக்களிடையே நாடுகளுக்கு இடையிலான பழக்கத்தை வளர்ப்பது ஜெட் திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அக்டோபர் மாதம் வந்தால் அந்த அறிமுகம் ஹாலோவீனாக மாறுவது வழக்கம். பூசணி, வௌவால், பேய் போன்ற சொற்கள். முகமூடி செய்யும் கைவேலை. ஆங்கிலத்தில் கேட்டால் மிட்டாய் கிடைக்கும் விளையாட்டு. தனியார் ஆங்கில உரையாடல் வகுப்புகளில் இன்னும் பெரிதாக நடக்கும். வீடு வீடாகப் போகும் பழக்கம் அங்கே இல்லாததால், சில இடங்களில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்து, பிள்ளைகளைக் கடை கடையாக அழைத்துப் போகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த ஆசிரியருக்கு ஹாலோவீன் வீட்டுப் பண்டிகை இல்லை. அவரும் நம்மைப் போல சினிமாவில் பார்த்து வளர்ந்தவராக இருக்கலாம். ஆனாலும் 'ஆங்கிலம் பேசுறவங்க பண்டிகை' என்று அதை எடுத்து நடத்தும் எதிர்பார்ப்பு அவர்மேலும் விழும். ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கப் போனவர், தன்னுடையது அல்லாத ஒரு பண்டிகைக்கும் தூதராகிவிடுகிறார். சிங்கப்பூர்த் தமிழ் ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தால், அதே பருவத்தை ஒட்டி வரும் தீபாவளியைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு யாரும் தடை போடப் போவதில்லை. ஆனால் பாடத்திட்டமும் கடைத்தெரு அலங்காரமும் அவரை ஹாலோவீன் பக்கம்தான் இழுக்கும்.

ஜப்பானில் யாருமே கேள்வி கேட்கவில்லையா?

தெருவில் கேட்டார்கள். தோக்கியோவின் ஷிபுயாவில் ஹாலோவீன் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருத்தது. 2018இல் ஒரு சிறு லாரியையே கவிழ்த்துப் போட்டார்கள். 2019இல் அந்தக் காலத்தில் தெருவில் மது அருந்தத் தடை வந்தது. 2022 அக்டோபர் 29 அன்று தென் கொரியாவின் இத்தேவோன் பகுதியில் ஹாலோவீன் கூட்ட நெரிசலில் 159 பேர் உயிரிழந்த பிறகு பயம் கூடியது. 2023இல் ஷிபுயா மேயர், ஹாலோவீனுக்காக இங்கே வராதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். 2024 அக்டோபர் முதல் இரவு நேர மதுத் தடை ஆண்டு முழுவதற்குமாக்கப்பட்டது.

கவனித்துப் பாருங்கள். எல்லாமே கூட்டம், குப்பை, போதை, பாதுகாப்பு பற்றிய கவலைகள். 'இது எந்த மதத்தின் பண்டிகை?' என்ற கேள்வி அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

அதற்காக ஜப்பானில் மதமும் அரசும் பற்றிய கேள்வியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானிய அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு, அரசும் அதன் அமைப்புகளும் சமயக் கல்வியிலோ சமய நடவடிக்கையிலோ ஈடுபடக் கூடாது என்கிறது. இதை வைத்து நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. அவற்றில் இரண்டு நமக்கு உதவும.

முதலாவது, ட்சு நகர வழக்கு. 1965இல் அந்த நகராட்சி ஒரு உடற்பயிற்சி மண்டபம் கட்டும்முன் ஷிந்தோ முறைப்படி பூமி பூஜை செய்தது. நம்ம ஊரில் வீடு கட்டும்முன் செய்வது மாதிரிதான். நகராட்சி செலவழித்தது 7,663 யென். 'மக்கள் பணத்தில் மதச் சடங்கா?' என்று நகரமன்ற உறுப்பினர் ஒருவர் வழக்குப் போட்டார். 1977இல் உச்ச நீதிமன்றம், அது கட்டுமானப் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் பொதுவான வழக்கம், அரசியலமைப்புக்கு எதிரானதல்ல என்று தீர்ப்பளித்தது. செயலின் நோக்கம் என்ன, விளைவு என்ன என்று பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றம் வைத்த அளவுகோல்.

இரண்டாவது, கோபே நகரத் தொழில்நுட்பக் கல்லூரி வழக்கு. உடற்கல்வியில் கெண்டோ எனும் வாள் பயிற்சி கட்டாயம். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தன் நம்பிக்கைக்கு எதிரானது என்று மறுத்தார். அதற்குப் பதிலாகக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்றார். கல்லூரி ஏற்கவில்லை. அவர் தேர்ச்சி பெறாமல் போனார், கடைசியில் வெளியேற்றப்பட்டார். மாற்று வழி கொடுத்தால் ஒரு மதத்துக்குச் சலுகை காட்டியது போலாகிவிடும் என்பது கல்லூரியின் வாதம். 1996 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. மாற்று வழியைப் பரிசீலிக்காமலே வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது.

இந்த இரண்டாவது வழக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெண்டோ மதமா, விளையாட்டா என்ற கேள்வியில் வழக்கு நிற்கவில்லை. பெரும்பான்மைக்கு அது வெறும் விளையாட்டுதான். ஆனாலும், அதில் சேர முடியாத ஒரு மாணவருக்குப் பள்ளி என்ன வழி வைத்தது என்பதே தீர்ப்பின் மையம்.

மலேசியாவில் கேள்வி எப்படி வருகிறது?

இங்கே முதல் கேள்வியே 'மதமா, கலாசாரமா?' என்பதுதான். கடந்த சில ஆண்டுகளில் மூன்று பண்டிகைகள் இந்த வாசலில் நிறுத்தப்பட்டன.

ஹாலோவீன், 2014: அந்த ஆண்டு அக்டோபரில் கூடிய தேசிய ஃபத்வா குழு, ஹாலோவீன் இஸ்லாமிய நெறிகளுக்கு முரணானது, முஸ்லிம்கள் அதைக் கொண்டாடக் கூடாது என்று முடிவெடுத்தது. இறந்தோர் பற்றிய நம்பிக்கையும் கிறிஸ்தவ, அதற்கு முந்தைய மரபுகளின் பின்னணியும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

பொங்கல், 2020: பொங்கலுக்குச் சில நாள் முன்னால் கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று பள்ளிகளுக்குப் போனது. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் கருத்தை மேற்கோள் காட்டி, பொங்கல் இந்துக்களின் சமயப் பண்டிகை, முஸ்லிம்கள் அதைக் கொண்டாடக் கூடாது என்று அது தெரிவித்தது. தமிழ்ச் சமூகத்திலிருந்து உடனே எதிர்ப்பு வந்தது. பொங்கல் அறுவடைத் திருநாள், தமிழர் பண்பாட்டு விழா என்பது அந்தப் பதிலின் சாரம். அதே ஜனவரியில்தான் புச்சோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் சீனப் புத்தாண்டு அலங்காரம் பற்றியும் புகார் எழுந்தது. அலங்காரம் அகற்றப்பட்டு, பிறகு அமைச்சர்கள் சிலர் நேரில் போய் ஆதரவு தெரிவிக்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது.

போன் ஒடோரி, 2022: இது ஜப்பானிய நடன விழா. மலேசியாவில் 1970களிலிருந்தே நடக்கிறது. அந்த ஆண்டு ஜூனில், சமய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த இட்ரிஸ் அமாட், அதில் வேறு மத அம்சங்கள் இருப்பதால் முஸ்லிம்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தினார். சிலாங்கூர் சுல்தான் ஷராஃபுடின் இட்ரிஸ் ஷா தலையிட்டு, விழா நடக்கட்டும் என்றார். மதத்துக்கும் கலாசாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அமைச்சர் நேரில் வந்து பார்க்கட்டும் என்பதே அவர் செய்தி. ஜூலை 16 அன்று விழா நடந்தது. சுமார் 50,000 பேர் திரண்டார்கள். சர்ச்சையே விளம்பரமாகிப் போனது.

ஒரு முரணைக் கவனியுங்கள். ஒபோன் என்பது ஜப்பானியர்கள் தங்கள் முன்னோரின் ஆவியை வரவேற்று வழியனுப்பும் பௌத்த மரபுக் காலம். அதன் நடனம்தான் போன் ஒடோரி. ஹாலோவீனும் இறந்தவர்கள் திரும்பும் இரவாகத்தான் தொடங்கியது. நமக்கு ஆடி அமாவாசை, மாளய அமாவாசை. சீனர்களுக்கு ஏழாம் மாதம். வேரைத் தோண்டினால் முன்னோரும் தெய்வமும் இல்லாத பண்டிகை கிடைப்பது அபூர்வம். அப்படின்னா, 'வேரில் மதம் இருக்கிறதா?' என்று கேட்டால் பதில் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் வரும். அதே பண்டிகையைப் பார்த்து 'இன்றைக்கு மக்கள் என்ன செய்கிறார்கள்?' என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். ஜாக்கிம் முதல் கேள்வியிலிருந்து தொடங்கியது. சிலாங்கூர் சுல்தானும் 1977இல் ஜப்பானிய நீதிமன்றமும் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி இஸ்லாம் கூட்டரசின் சமயம், மற்ற சமயங்களை அமைதியோடும் நல்லிணக்கத்தோடும் பின்பற்றலாம். இது பலருக்குத் தெரியும். பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. 12ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறவோ, அதன் சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கேற்கவோ எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. அடுத்த உட்பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார்கள் என்கிறது.

இந்தப் பாதுகாப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பொங்கல் பானைக்கு முன் நிற்க விரும்பாத முஸ்லிம் மாணவருக்கும் உண்டு. ஹாலோவீன் வேண்டாம் என்று சொல்லும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் உண்டு. தங்கள் சமயம் அல்லாத ஓதலில் சேர விரும்பாத இந்து மாணவருக்கும் உண்டு. சட்டம் தடுப்பது கட்டாயத்தை. ஒரு பண்டிகையைப் பற்றித் தெரிந்துகொள்வதை அது தடுக்கவில்லை.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை இன்னொரு அடுக்கும் இருக்கிறது. இஸ்லாமிய விவகாரங்கள் மாநில அதிகாரம். ஜொகூரில் சுல்தான்தான் இஸ்லாமியத் தலைவர், முஃப்தியும் ஃபத்வா குழுவும் மாநிலத்துக்குத் தனியாக உண்டு. தேசிய அளவில் எடுக்கும் முடிவு, மாநிலம் அரசிதழில் வெளியிட்டால்தான் அந்த மாநிலத்தில் சட்டமாகும். ஒரே பண்டிகைக்கு வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு சூழல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற சமயத்தாரின் விழாக்களில் கலந்துகொள்வது பற்றி 2005இல் தேசிய ஃபத்வா குழு வகுத்த வழிகாட்டியே கூட, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மறுக்கவில்லை. நம்பிக்கைக்கு முரணான சடங்கு, சின்னம் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கச் சொல்கிறது.

ஜொகூரில் இது ஏன் முக்கியம்?

ஜொகூர் பாரு நகர மையத்தில் சும்மா கொஞ்ச தூரம் நடந்தாலே தெரியும். ஜாலான் துருஸில் பழைய சீனக் கோயில். அதே சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா. பக்கத்தில் ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம். சீனக் கோயிலின் சிங்கே ஊர்வலம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. தெய்வங்களைத் தோளில் தூக்கி வரும் அந்த ஊர்வலத்தை 2012இல் நாட்டின் மரபுச் செல்வமாக அறிவித்தார்கள். அது மதமா, கலாசாரமா? இரண்டும்தான். தைப்பூசத்துக்கு மாநில அளவில் பொது விடுமுறை தரும் மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. இனம் கடந்த 'பங்சா ஜொகூர்' என்ற அடையாளம் இங்கே பெருமையாகப் பேசப்படுகிறது.

தெருவில் இவ்வளவு இயல்பாக இருப்பது பள்ளிக்குள் ஏன் சிக்கலாகிறது? ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பொங்கல் வைப்பதில் பிரச்சினை வருவதில்லை. பிள்ளைகள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பின்னணி. ஆனால் முதலாம் படிவத்துக்குத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒருவர் பண்டிகையை இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும் முதல் இடம், பலருக்கு அதுதான். அந்த இடத்தில் ஒரு தலைமையாசிரியர், 'எதுக்கு வம்பு?' என்று விழாவையே விட்டுவிட்டால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். புகார் வராத வழி அதுதான். அதற்கான விலையை மட்டும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்: பக்கத்து இருக்கைத் தோழி ஏன் அன்றைக்கு மருதாணி போட்டு வந்தாள், ஏன் சைவம் சாப்பிடுகிறாள் என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களும் நமக்குப் புதியவர்கள் இல்லை. அமெரிக்க ஃபுல்பிரைட் திட்டத்தின் ஆங்கில உதவி ஆசிரியர்கள் 2006இல் திரெங்கானுவில் தொடங்கி, பிறகு ஜொகூர் உள்ளிட்ட மாநிலங்களின் பள்ளிகளுக்கும் வந்தார்கள். அப்படி வரும் ஒருவர் ஜப்பானில் செய்வதைப் போலவே அக்டோபரில் முகமூடி வகுப்பு நடத்த நினைக்கலாம். அங்கே சாதாரண கைவேலையாக இருப்பது, இங்கே ஃபத்வா முடிவு இருக்கும் விஷயம். அவர் தெரியாமல் செய்தால், சங்கடம் அவருக்கு மட்டுமில்லை, வகுப்பில் 'நான் இதுல சேரலாமா?' என்று புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும்தான்.

'வெறும் கலாசாரம்' என்று சொல்வதில் என்ன சிக்கல்?

2020 சர்ச்சையில் நம்மில் பலர் கையில் எடுத்த வாதம், 'பொங்கல் மதம் இல்லை, வெறும் அறுவடை விழா' என்பது. அதில் உண்மை இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களும் பொங்கல் வைக்கிறார்கள், தேவாலயங்களிலேயே கொண்டாடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான இந்து வீடுகளில் அன்றைக்குச் சூரியனைக் கும்பிடாமல் பானை இறங்குவதில்லை. குத்துவிளக்கு, கரும்பு, தேங்காய், படையல் எல்லாம் உண்டு. பள்ளிக்குள் அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காக இவையெல்லாம் இல்லை என்று சொல்லத் தொடங்கினால், நம் பண்டிகையை நாமே சுருக்குகிறோம்.

ஹாலோவீன் ஜப்பானிய வகுப்பறைக்குள் எளிதாகப் போனதற்குக் காரணம் இதுதான். அது ஏற்கெனவே சுருங்கிவிட்ட பண்டிகை. அங்கே அதைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் சமூகம் பெரிதாக இல்லை. அதில் மனம் புண்படுபவரும் குறைவு. விருந்தாளியாக வரும் பண்டிகைக்கு எந்தச் சுமையும் இல்லை. அதே ஊரில் வாழும் மக்களின் பண்டிகைக்கு நம்பிக்கை, வரலாறு, அண்டை வீட்டாரோடு உள்ள உறவு எல்லாமே கூட வரும். அதனால் ஜப்பானைக் காட்டி, 'பாருங்க, அவங்க எவ்வளவு ஜாலியா இருக்காங்க, நாமதான் பிரச்சினை பண்றோம்' என்று சொல்வது சரியான ஒப்பீடு இல்லை. ஜப்பானுக்கே உரிய ஷிந்தோ சடங்கு வந்தபோது அவர்களும் நீதிமன்ற வாசல் ஏறினார்கள்.

அப்போ, என்ன கேட்கலாம்?

'மதமா, கலாசாரமா?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருந்தால் எந்தப் பண்டிகையும் வகுப்பறைக்கு வராது. அதைவிட, ஒரு பள்ளி மூன்று எளிய கேள்விகளைக் கேட்கலாம்.

ஒன்று, பிள்ளைகள் பார்க்கிறார்களா, செய்கிறார்களா? பொங்கல் பானை எப்படிப் பொங்குகிறது, எதற்காக என்று பார்ப்பதும் கேட்பதும் கல்வி. சூரியனைக் கும்பிடச் சொல்வது வழிபாடு. ஹாலோவீன் எங்கிருந்து வந்தது என்று ஆங்கில வகுப்பில் படிப்பது கல்வி. எல்லோரும் பேய் வேடம் போட்டுத்தான் வர வேண்டும் என்பது வேறு. இந்தக் கோடு எல்லா இடத்திலும் நேராக இருக்காது. சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடுவது எந்தப் பக்கம்? படைப்பதற்கு முன்னா, பின்னா என்பதைப் பொறுத்துச் சிலருக்குப் பதில் மாறும். கோடு மங்கலாக இருக்கும் இடங்களில் இரண்டாவது கேள்வி தேவைப்படுகிறது.

இரண்டு, வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு மரியாதையான ஒரு மாற்று வழி இருக்கிறதா? கோபே கல்லூரி தவறியது இங்கேதான். மாற்று வழி என்றால், அந்தப் பிள்ளையை நூலகத்துக்குத் தனியாக அனுப்பிவிடுவது இல்லை. அதே நிகழ்ச்சியில் படம் எடுக்கும் வேலை, வரவேற்பு, அறிவிப்பு எழுதுவது என்று ஏதாவது ஒன்றைக் கொடுக்கலாம். மதிப்பெண்ணோ நட்போ குறையக் கூடாது.

மூன்று, பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியுமா? 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் சமய விஷயத்தில் பெற்றோருக்குச் சட்டமே இடம் தருகிறது. என்ன நடக்கும், எது நடக்காது என்று ஒரு வாரம் முன்னால் வரும் ஒரு பக்கக் கடிதம், நிகழ்ச்சிக்குப் பிறகு வைரலாகும் வீடியோவைவிட எவ்வளவோ மேல்.

இந்த மூன்று கேள்விகளும் எல்லாச் சர்ச்சையையும் தீர்த்துவிடாது. தன் சமயத்தவர் பக்கத்திலிருந்து பார்ப்பதுகூடக் கூடாது என்று உண்மையாகவே நம்பும் பெற்றோர் இருப்பார்கள். அதை அவர்கள் பிள்ளைக்கு முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த முடிவு மற்ற 30 பிள்ளைகளின் பானையையும் சேர்த்து இறக்கி வைக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் வேலை தேடும் எண்ணம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். 1982இல் மகாதீர் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் பல ஆயிரம் மலேசியர்கள் அங்கே படிக்கவும் பயிற்சி பெறவும் போயிருக்கிறார்கள். அங்கே ஏதோ ஒரு வகுப்பறையில் நின்று, 'உங்க ஊர்ப் பண்டிகையைப் பற்றிச் சொல்லுங்க' என்ற கேள்வியை நீங்களும் சந்திக்கலாம். அப்போது பூசணிக்காயையும் எடுத்துக்கொள்ளலாம், பொங்கல் பானையையும் எடுத்துக்கொள்ளலாம். பானையை எடுத்தால், சூரியனைக் கும்பிடும் பகுதியை விட்டுவிடாமல் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைகள் கும்பிட வேண்டியதில்லை. எதற்காகக் கும்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டால் போதும்.